கொண்டுவிக்கப் போன ஊர்: செட்டிநாட்டில் ஐந்து நாள்

நாள் 1, வியாழன்

மாட்டுத்தாவணியில் காரைக்குடி பஸ் ஏறும்போது மணி இரண்டு. ஜன்னல் சீட் கிடைத்தது, வெயிலும் அந்தப் பக்கம்தான். மேலூர் தாண்டித் திருப்பத்தூர் வரை தூங்கிவிட்டேன். பிள்ளையார்பட்டி விலக்கில் கூட்டம் ஏறி எழுப்பிவிட்டது.

எனக்குத் தூத்துக்குடியில் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீசில் வேலை. பதினேழு வருஷமாகக் கண்டெய்னர், பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்தில் கொடுக்கும் இறக்குமதி அறிக்கை), சர்டிபிகேட் ஆஃப் ஆரிஜின் (சரக்கு எந்த நாட்டில் விளைந்தது என்ற சான்று) என்றே பொழுது போகிறது. லீவு போட்டால் துறைமுகம் இல்லாத ஊருக்குத்தான் போவேன். இந்த முறை கூப்பிட்டது பழைய சகா ஒருவர். இப்போது சென்னையில் இருக்கிறார், சொந்த ஊர் கானாடுகாத்தான், நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார் குடும்பம். வீட்டில் படைப்பு, முன்னோர்களைக் கும்பிட்டுப் பங்காளிகள் எல்லாரும் கூடும் நாள். சிங்கப்பூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். "நீங்க பேப்பர் ஆளு. எங்க வீட்ல நூறு வருஷத்துப் பேப்பர் கிடக்கு. வந்து பாருங்க" என்றார். அந்த ஆசையில்தான் கிளம்பினேன்.

காரைக்குடியில் இறங்கியதும் லாட்ஜில் பையைப் போட்டுவிட்டுச் சும்மா நடந்தேன். ஒரு பேங்க் போர்டைப் பார்த்ததும் எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10-ல் தொடங்கியபோது மூன்று ஊர்களில் ஒரே நாளில் கடை திறந்தது: காரைக்குடி, சென்னை, இரங்கூன். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கியது. அதே வருஷம் ஏப்ரல் 1-ல் பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்துவிட்டார்கள். அதுவரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணம். ஆக, உள்ளூர்க் கிளை மாதிரித் திறந்த இரங்கூன் கிளை சரியாக ஐம்பதாவது நாள் வெளிநாட்டுக் கிளை ஆனது. கடை இருந்த இடத்திலேயே இருந்தது, நடுவில் ஒரு எல்லை வந்து விழுந்தது.

ராத்திரி இட்லி, கோசுமல்லி. இந்த ஊரில் கோசுமல்லி என்றால் கத்தரிக்காய்.

நாள் 2, வெள்ளி

கானாடுகாத்தானுக்கு டவுன் பஸ்ஸில் அரை மணி நேரத்துக்குள் வந்தாயிற்று. தெருக்கள் நேர்கோடு, வீடுகள் பாதிக்கு மேல் பூட்டு. ஒரு தெருவில் முன்வாசல் வைத்துக் கட்டிய வீட்டுக்குப் பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முகப்புக்கு மேலே சுதையில் கஜலட்சுமி, அவளுக்குக் காவலாகத் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள். யார் ராஜ்யத்தில் லட்சுமி வந்தாள் என்பதில் கட்டியவர்களுக்கு எந்த ஒளிவுமறைவும் இல்லை.

நண்பர் வீட்டில் திண்ணையைத் தாண்டியதும் வரிசையாகத் தூண்கள். கட்டிப்பிடித்தால் கை எட்டாது, ஒவ்வொன்றும் ஒரே மரம். பர்மா தேக்கு. சுவர்க் கண்ணாடி பெல்ஜியம், தரையில் இத்தாலிச் சலவைக்கல், சுவர் அடிப்பக்கத்தில் பூப்போட்ட ஜப்பான் ஓடு. இரண்டாங்கட்டில் உள்ள மங்கு சாமான்களைத் திருப்பிப் பார்த்தால் அடியில் இன்னும் இரண்டு நாட்டு முத்திரை. எனக்கு வீடு பார்ப்பதுபோல் இல்லை. பேக்கிங் லிஸ்ட் படிப்பதுபோல் இருந்தது.

நண்பரின் அப்பத்தாவுக்கு எண்பத்தெட்டு வயது. கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கிறார்.

"வாங்க தம்பி. தூத்துக்குடியா? அப்ப கப்பல் பக்கத்துல இருக்கீக."

"ஆமா ஆச்சி. கப்பல்ல வர்ற பெட்டிக்குக் கணக்கு எழுதுற வேலை."

"எங்க அப்பச்சியும் அதேதான். பெட்டியடிப் பையனாத்தான் மோல்மேனுக்குப் போனாக. அப்புறம் அடுத்தாளு, கடைசியில மேலாளு. வட்டிக்கடைக்கு."

அப்பச்சி என்றால் இங்கே அப்பா. மோல்மேன் பர்மாவில் ஒரு துறைமுக ஊர். கடையில் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி செய்கிற பொடியன்தான் பெட்டியடி. மூன்று வருஷச் சம்பளம் பேசிக் கப்பல் ஏற்றுவார்கள். தவணை முடிந்து ஊர் வந்தால் கல்யாணம், குழந்தை, வீடு கட்டுவது எல்லாம் அந்த இடைவெளியில். மறுபடி கப்பல். பெண்கள் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தார்கள். இந்தப் போக்குவரத்துக்குக் 'கொண்டுவிக்கப் போறது' என்று பெயர். ஆச்சி வாயில் அந்தச் சொல் இன்னும் சாதாரணமாக வருகிறது.

அப்புறம் பெட்டியைத் திறந்தார்கள். இரும்புப் பெட்டி, உள்ளே துணி சுற்றிய பேரேடுகள். நான் பிரித்தது ஒரு ஐந்தொகை, அதாவது இருப்பு, வரவு, பற்று எல்லாம் கூட்டிக் கடைநிலையைக் காட்டும் கணக்கு. மேலே 'உ', முருகன் துணை. முருகன் கணக்குக்கே தனிப் பற்று வரவு உண்டு: லாபத்தில் கோயிலுக்கு எடுத்து வைக்கும் மகமை. எண்கள் எல்லாம் தமிழ் எண்கள். ௲ என்று ஒரு சுழி வந்தது. நான் முழிப்பதைப் பார்த்து ஆச்சி, "ஆயிரம்" என்றார். பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனி எழுத்து இருப்பதால் சைபரே இல்லாமல் கணக்கு ஓடுகிறது. மை பழுப்பேறியிருந்தாலும் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

நடுவில் சொருகி இருந்தது ஒரு உண்டியல். உள்ளங்கை அகலத்தில் நாலு வரி. இன்னார் கடையில் இன்ன தொகை வாங்கிக்கொண்டோம், இதைக் கொண்டுவருபவருக்கு அங்கே கொடுத்துவிடவும். அவ்வளவுதான். பார்த்ததும் கொடுக்க வேண்டியது தரிசன உண்டியல், நாள் குறித்துக் கொடுப்பது தவணை உண்டியல். இந்தத் துண்டுக் காகிதம் கடல் தாண்டிப் போய்ப் பணமானது.

நான் போன வாரம் ஒரு இறக்குமதிக்குப் போட்ட பேப்பர்களை எண்ணிப் பார்த்தேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங், ஆரிஜின் சர்டிபிகேட், இன்சூரன்ஸ், பேங்க் பேப்பர், 2020 செப்டம்பரில் வந்த புதிய விதிப்படி சரக்கின் பூர்வீகத்துக்கு இறக்குமதியாளரே வைத்திருக்க வேண்டிய விவரப் படிவம். அதற்கு மேலும் உண்டு, விடுங்கள்.

நாலு வரி எப்படிப் போதுமானது? வாங்கியவரும் கொடுத்தவரும் நகரத்தாரின் ஒன்பது குலக்கோயில்களில் ஏதோ ஒன்றின் புள்ளிகள், அதாவது அந்தக் கோயிலில் பதிவான குடும்பத்தார். ஏமாற்றினால் பெண் கொடுக்க மாட்டார்கள். இரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் தமிழ் மாதம் தவறாமல் கூடி, தங்களுக்குள் கொடுக்கல் வாங்கலுக்கு 'நடப்பு வட்டி' எவ்வளவு என்று முடிவு செய்வார்கள். ரிசர்வ் வங்கிக்கு முந்தைய ரெப்போ ரேட் என்று வைத்துக்கொள்ளலாம். பர்மாவில் புழங்கியதும் இந்திய ரூபாய்தான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கொடி, ஒரே கோர்ட். சுங்கச் சங்கம், பொது நாணயம், வங்கிகளுக்கு இடையிலான கடன் சந்தை என்று இன்றைக்கு மாநாடு கூட்டிப் பேசுகிற அத்தனையும் இந்தத் தெருக்காரர்கள் கையில் இருந்திருக்கிறது.

சாயங்காலம் காப்பி குடிக்கும்போது இதை நண்பரிடம் கொஞ்சம் உற்சாகமாகவே சொன்னேன். அவர் பெட்டியில் அடியிலிருந்து இன்னொரு கட்டை எடுத்தார். பர்மிய வட்ட எழுத்தும் இங்கிலீஷும் கலந்த நிலப் பத்திரங்கள்.

"இதையும் பாத்துட்டுப் பேசுங்க" என்றார்.

பார்த்தேன். அதனால் நாளைக்கு எழுதலாம் என்று இருந்ததை இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

1869-ல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் விலை வந்தது. ஐராவதி டெல்டா வெறும் சதுப்பும் காடும். அதைத் திருத்தி வயலாக்கியவர்கள் பர்மிய விவசாயிகள், அதற்குப் பணம் போட்டவர்கள் செட்டியார்கள். வெள்ளைக்காரப் பேங்குகள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. 1930 வாக்கில் பர்மா முழுக்கச் சுமார் 1,650 செட்டியார் கடைகள், கொடுத்திருந்த கடன் ஏறக்குறைய 75 கோடி ரூபாய். உலகத்துக்கே அரிசி ஏற்றுமதியில் பர்மா முதலிடம். வளர்ச்சி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பிறகு 1930-ல் உலக மந்தம், நெல் விலை பாதாளத்துக்குப் போனது. கடன் திரும்பவில்லை, அடமான நிலம் கைமாறியது. பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் சுமார் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம் 1938-க்குள் 25 சதவீதம். நிலம் வேண்டும் என்று அவர்கள் போகவில்லை. வட்டிக்கடைக்காரருக்கு வேண்டியது காசு, வயல் அல்ல. ஆனால் நிலத்தை இழந்த விவசாயிக்கு அந்த நுணுக்கம் எதற்கு? 1938-ல் கலவரம். 1942-ல் ஜப்பான் வந்தது, லட்சக்கணக்கானவர்கள் மலையும் காடும் ஏறி நடந்தார்கள். 1948-ல் பர்மா சுதந்திரம் பெற்ற வருஷமே நில தேசியமயச் சட்டம். 1963-ல் பேங்குகள், 1964-ல் கடைகள்.

"அப்பச்சி நடந்தேதான் வந்தாக. வந்து நாலு மாசம் பேசவே இல்ல. அதுக்கப்புறம் அரிசிச் சோறு போட்டா, 'இது எந்த ஊரு நெல்லு'ன்னு மட்டும் கேப்பாக" என்றார் ஆச்சி.

நாள் 3, சனி

காலையில் ஆத்தங்குடி. பூப்போட்ட சிமெண்ட் தரைக்கல் செய்வதைப் பார்க்கப் போனேன். கண்ணாடித் தகடு ஒன்றின்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் கூழ் மாதிரிக் கரைத்த கலர் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுகிறார், கை நடுங்குவதே இல்லை. அச்சை மெல்லத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன, கலப்பதில்லை. மேலே மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவி, ஈரக் கலவை அப்பி, மட்டம் தட்டி ஓரமாக வைத்துவிடுகிறார். காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் சில நாள். கண்ணாடி தானாக விடும். சூளை கிடையாது, பாலிஷ் மெஷின் கிடையாது. பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. அப்புறம் வீட்டுக்காரர்கள் தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்துக் காப்பாற்ற வேண்டியது.

வெளிநாட்டு ஓட்டைப் பார்த்து உள்ளூர் மணலில் செய்யக் கற்றுக்கொண்ட சரக்கு இது. இதற்கு நான் ஆரிஜின் சர்டிபிகேட் போட வேண்டியிருந்தால் என்று யோசித்துச் சிரித்துக்கொண்டேன். மணல் இந்த ஊர், சிமெண்ட் வெளியூர், கலர்ப் பொடி கடையில் வாங்கியது. எல்லாம் கூட்டிப் பார்த்தால் தேறிவிடும்.

மத்தியானம் காரைக்குடியில் ஒரு மளிகைக்கடை. ஆச்சி எழுதிக் கொடுத்த சீட்டு கையில்: பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, கல்பாசி, மிளகு. செட்டிநாட்டுச் சமையல் என்று நாம் ஊரெல்லாம் போர்டு போடுகிறோமே, அதில் அன்னாசிப்பூ சீனாவிலும் வியட்நாமிலும் காய்ப்பது. வறண்ட சிவகங்கைச் சீமையில் இது எதுவும் முளைக்காது. கப்பல் போன வழியெல்லாம் அம்மிக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கடைக்காரர் இரண்டு வகைப் பட்டையை எடுத்துக் காட்டினார். தடித்துக் கரடுமுரடாக மரப்பட்டை மாதிரி ஒன்று. இன்னொன்று சுருட்டு மாதிரிச் சுருண்டு, விரலால் நொறுக்கலாம்போல மெலிசு.

"இது வியட்நாம். சுருள் பட்டை சிலோன். வெலயக் கேட்டுட்டு எல்லாரும் வியட்நாம்தான் வாங்குறாக அண்ணே."

"மிளகு?"

"நம்ம மிளகுதான். ஆனா சந்தையில எது எந்த ஊரு மிளகுன்னு மிளகுக்கே தெரியாது."

இந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். இந்தியாவுக்குள் மிளகு வந்தால் சாதாரணமாக 70 சதவீதம் வரி. இலங்கையிலிருந்து வந்தால் வருஷத்துக்கு 2,500 டன் வரை வரியே இல்லை. இந்திய-இலங்கைத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் 1998 டிசம்பர் 28-ல் கையெழுத்தாகி 2000 மார்ச் 1-ல் அமலுக்கு வந்தது. அதன் கீழ் வரும் சலுகை. பக்கத்து நாட்டுக்குச் சலுகை கொடுத்தால் என்ன ஆகும்? தூரத்து நாட்டு மிளகு பக்கத்து நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். வியட்நாம் மிளகு கொழும்பு வழியாக வருகிறது என்று குடகு, இடுக்கி விவசாயிகள் கத்தினார்கள். 2017 டிசம்பரில் கிலோ 500 ரூபாய்க்குக் குறைவான மிளகு உள்ளே வரக்கூடாது என்று அரசு கட்டை போட்டது. இதில் நிஜமாக இலங்கையில் மிளகு விளைவித்தவனும் சேர்ந்து அடிபட்டான்.

வனஸ்பதிக் கதை இன்னும் வேடிக்கை. இந்தியாவில் பாமாயிலுக்கு வரி அதிகம், இலங்கையில் குறைவு. அங்கே பாமாயிலை இறக்கி, வனஸ்பதியாக்கி, வரியில்லாமல் இங்கே அனுப்பினார்கள். இதற்கென்றே ஆலைகள் முளைத்தன. ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தைப் பார்த்தால் இரண்டு நாடும் தோளில் கை போட்டுக்கொண்டு வளர்வதுபோல இருந்தது. இங்கே சத்தம் கிளம்பியது, அளவு வரம்பு வந்தது, அப்புறம் இந்தியா பாமாயில் வரியைக் குறைத்ததும் அந்த ஆலைகளுக்கு அங்கே வேலை இல்லாமல் போனது. வரி வித்தியாசத்தில் பிறந்த தொழில் வரி வித்தியாசத்தோடு போயிற்று.

ஒப்பந்தங்களுக்குக் குறைவில்லை. சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பு நாடுகளின் தடையற்ற வர்த்தக ஒப்பந்தமான சாஃப்டா 2006-லிருந்து இருக்கிறது. ஆனாலும் தெற்காசிய நாடுகள் செய்யும் மொத்த வியாபாரத்தில் தங்களுக்குள் செய்வது சுமார் 5 சதவீதம்தான். தென்கிழக்காசியாவின் ஆசியான் நாடுகளில் அது 20-க்கு மேல். காரணம் கேட்டால் எல்லாரும் எதிர்மறைப் பட்டியலைக் காட்டுவார்கள். 'இந்தச் சரக்குக்குச் சலுகை கிடையாது' என்று ஒவ்வொரு நாடும் வைத்திருக்கும் பட்டியல் அது. நானும் பல வருஷம் அந்தப் பட்டியலைத் திட்டியவன்தான். நேற்று அந்தப் பத்திரக் கட்டைப் பார்த்த பிறகு திட்ட வாய் வரவில்லை. பெரிய பக்கத்து வீட்டுக்காரன் பணத்தோடு வந்தால் கதவைப் பாதி சாத்தி வைத்துக்கொண்டு பேசுகிறவனுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கும். இலங்கை, நேபாளம், வங்கதேசம் எல்லாவற்றுக்கும் நாம் அந்தப் பெரிய வீடு.

சரி, ஆச்சிக்குச் சிலோன் பட்டையே வாங்கினேன்.

நாள் 4, ஞாயிறு

படைப்பு. காலையிலிருந்து வீடு கல்யாண வீடு மாதிரி. வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், எழுபது பேர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வெள்ளைப் பணியாரம், மண்டி, கடைசியில் கவுனி அரிசி. கறுப்பரிசியைப் பொங்கித் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டுக் கிளறியது. பர்மாவிலிருந்து வந்த அரிசி என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். இப்போது இந்தப் பக்கமே விளைகிறது.

பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் புதுவயல் அரிசி ஆலைகளோடு தொடர்புள்ளவர், பருப்பு வியாபாரமும் உண்டு. இட்லியைக் காட்டி, "இதுல உளுந்து எந்த ஊருன்னு நினைக்கிறீக?" என்றார்.

எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் வாயால் வரட்டும் என்று சும்மா இருந்தேன்.

"பர்மா உளுந்து. எஃப்.ஏ.க்யூன்னு சாதா ரகம் ஒரு ரேட்டு, எஸ்.க்யூன்னு உசந்த ரகம் ஒரு ரேட்டு. சென்னையில தினம் வெல சொல்லுவாக. நம்ம ஊர்ல மழை பெஞ்சு உளுந்து கெட்டாலும் இட்லி நிக்காது."

2021-ல் இந்தியா மியான்மரோடு ஒரு புரிந்துணர்வு போட்டது: ஐந்து வருஷத்துக்கு வருஷம் 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை வாங்கிக்கொள்கிறோம் என்று. அந்த வருஷம் பிப்ரவரியில்தான் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. அப்படியும் உளுந்து வந்துகொண்டே இருக்கிறது. நமக்கு வேண்டும், அவர்களுக்கு இதை வாங்க நம்மைவிட்டால் பெரிய ஆள் இல்லை. மியான்மர் விவசாயி உளுந்தை அறுத்து விற்றுவிட்டுத் தன் நிலத்திலேயே இருக்கிறான். நூறு வருஷத்துக்கு முந்தைய வியாபாரத்துக்கும் இதற்கும் எனக்குத் தெரியும் பெரிய வித்தியாசம் அதுதான்.

சாலை வழி வேறு கதை. மணிப்பூரில் எல்லையோரம் மோரே என்று ஒரு ஊர். பர்மாவிலிருந்து துரத்தப்பட்டுத் தமிழ்நாடு வந்து, இங்கே பிழைப்பு ஓடாமல், திரும்பவும் பர்மாவுக்கே போகலாம் என்று நடந்த தமிழர்கள் எல்லையில் மறிக்கப்பட்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். கோயில் கட்டி, சங்கம் வைத்து, இட்லிக் கடை போட்டார்கள். 1995-ல் அங்கே எல்லை வர்த்தகம் முறைப்படி திறந்தது. மோரேயிலிருந்து தாய்லாந்தின் மே சோட் வரை 1,360 கிலோமீட்டர் நெடுஞ்சாலை என்ற திட்டம் என் சர்வீஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். முழுசாக ஓடின வண்டியைத்தான் பார்க்கவில்லை.

சிங்கப்பூர்ப் பங்காளி ஒருவர் மார்க்கெட் தெருக் கிட்டங்கி பற்றிச் சொன்னார். ஒரே கூடத்தில் வரிசையாகப் பெட்டி போட்டு, பெட்டிக்கு ஒரு கடை. பகலில் அதுதான் ஆபீஸ், ராத்திரி படுக்கை. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பர்மா மாதிரி ஒரேயடியாக வேர் பிடுங்கப்படவில்லை, கோயில்கள் இன்றும் தைப்பூசத்தில் ஜேஜே என்று இருக்கின்றன. ஏன் அங்கே மட்டும் அப்படி என்று பந்தியில் பெரிய விவாதம். ஆளுக்கொரு காரணம், யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. பாயசம் வந்ததும் நின்றது.

ஊர் திரும்பிய பணம் என்ன ஆயிற்று என்றும் பேச்சு வந்தது. மோல்மேனில் 1900-ல் வட்டிக்கடையாகத் தொடங்கிய முருகப்பா குடும்பம் போருக்கு முன்பே மூலதனத்தை இங்கே கொண்டுவந்து தொழிலில் போட்டது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்துத்தான் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-ல் திறந்தது. பாக்கிப் பணம் தேக்காக நிற்கிறது, கரையான் பார்க்க ஆள் இல்லாமல்.

நாள் 5, திங்கள்

கிளம்பும்போது ஆச்சி ஒரு ஓலைக் கொட்டானில் கவுனி அரிசி கொடுத்தார்.

"ராத்திரியே ஊறப் போட்ரணும். இல்லாட்டி வேகாது. தம்பி, உங்க தூத்துக்குடிக் கப்பலு மோல்மேன் போகுமா?"

"நேரா போகாது ஆச்சி. எங்க பெட்டியெல்லாம் பாதிக்குமேல கொழும்பு போய்த்தான் பெரிய கப்பல் ஏறும். அங்க இருந்து சிங்கப்பூர், அப்புறம் இரங்கூன்."

"அதான் சொல்றேன். அப்பச்சி மெட்ராஸ்ல ஏறினா நேரா இரங்கூன். எத்தன நாளுன்னு விரல்ல எண்ணிச் சொல்லுவாக" என்று சொல்லிவிட்டு, வெற்றிலைப் பெட்டியைத் தேட ஆரம்பித்தார். நண்பர் அந்தப் பர்மியப் பத்திரங்களை என்ன செய்வது என்று கேட்டார். மியூசியத்துக்குக் கொடுங்கள் என்றேன். "அப்பத்தா இருக்கிற வரைக்கும் முடியாது" என்றார்.

பஸ் மேலூர் தாண்டும்போது ஆபீஸ் பையன் போன். எங்கள் பார்ட்டி ஒருவருக்கு இலங்கையிலிருந்து கிராம்பு வந்திருக்கிறது. ஆரிஜின் சர்டிபிகேட்டில் சீல் மங்கலாக விழுந்திருக்கிறதாம், மாதிரி முத்திரையோடு ஒத்துப்போகவில்லையாம். சலுகை வரி வேண்டுமென்றால் உறுதி செய்து கடிதம் வாங்கி வா என்கிறார்கள். வரும்வரை கண்டெய்னருக்கு நாள் வாடகை ஓடும். அந்தக் கிராம்பு நிஜமாகவே இலங்கைக் கிராம்பு, தோட்டத்துக்காரரோடு நானே பேசியிருக்கிறேன். அதற்கு இப்போது மதிப்பில்லை. நாலு வரி உண்டியல் ஞாபகம் வந்தது, கூடவே அந்தப் பத்திரக் கட்டும். பையனிடம் அதிகாரியோடு வாதாட வேண்டாம், சீலைப் பெரிதாக்கி போட்டோ எடுத்து அனுப்பு என்றேன்.

வீடு வந்து சேர்ந்தபோது ஒன்பதரை. கொழும்புக்குக் காலை பத்து மணிக்கு மேல்தான் போன் போட முடியும். கவுனி அரிசியைக் கழுவி ஊறப் போட்டாயிற்று. தண்ணீர் அதற்குள் ஊதா நிறமாகிவிட்டது.